பெட்டிக்குள் ஒரு கிடார்

சுருட்டுப் பெட்டி, தேயிலைப் பெட்டி, எண்ணெய் டின்: குப்பைக்குப் போக வேண்டியதில் வாத்தியம் செய்யும் ஏழைகளின் கலை, கொச்சியையும் தொட்டுச் செல்கிறது.

கொச்சியின் வெலிங்டன் தீவு கழிவில் பிறந்த ஊர். 1920ல் இங்கு வந்து சேர்ந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய இன்ஜினியரின் வேலை, துறைமுகத்தின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்த மணல் திட்டை வெட்டி எடுப்பது. வெட்டியாகிவிட்டது. வாரிய சேற்றையும் மணலையும் எங்கே கொட்டுவது? உப்பங்கழியிலேயே கொட்டினார்கள். கொட்டக் கொட்டத் தீவு வளர்ந்தது. சுமார் 780 ஏக்கர் நிலம் கிடைத்தது. 1928ல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. முன்பு சென்னை கவர்னராகவும் பிறகு வைஸ்ராயாகவும் இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரைத் தீவுக்குச் சூட்டினார்கள். தமிழர் நாவில் அது வெலிங்டன் ஆகிவிட்டது.

வேண்டாம் என்று எறிந்ததிலிருந்து வேண்டியதைச் செய்துகொள்வது இன்ஜினியர்களுக்கு மட்டும் கைவந்த வித்தையல்ல. காசில்லாத பாட்டுக்காரர்களும் அதைத்தான் செய்துவந்திருக்கிறார்கள். காலியான சுருட்டுப் பெட்டி, உடைந்த விளக்குமாற்றுக் கழி, எங்கிருந்தோ அவிழ்த்த கம்பி. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு கிடார். அமெரிக்காவில் இதற்கு 'சிகார் பாக்ஸ் கிடார்' என்று பெயர். இன்று அது பொழுதுபோக்காகிவிட்டது. ஆனால் ஆரம்பத்தில் அது வறுமையின் வாத்தியம்.

வரி தந்த வாத்தியம்

இந்த வாத்தியத்துக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டியது அமெரிக்க வரித் துறைக்கு. அங்கே ஒரு காலத்தில் சுருட்டுகளைப் பீப்பாயிலும் பெரிய பெட்டியிலும் அடைத்துத்தான் விற்றார்கள். உள்நாட்டுப் போருக்குப் பணம் தேடிய அரசு, 1860களில் சுருட்டுக்கு வரி போட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாக முத்திரை ஒட்ட வேண்டும், ஒட்டுவதற்கு வசதியாகச் சுருட்டைச் சிறு மரப் பெட்டிகளில் அடைக்க வேண்டும் என்றாயிற்று. விளைவு? ஊர் முழுக்கக் காலிப் பெட்டிகள். மெல்லிய பலகையில் அளவாகச் செய்த, கையில் அடங்கும் பெட்டிகள்.

உள்நாட்டுப் போர்க்களங்களுக்கு நேரில் சென்று படம் வரைந்த எட்வின் ஃபோர்ப்ஸ், 1876ல் வெளியிட்ட ஒரு சித்திரத்தில் முகாமில் இருக்கும் சிப்பாய் கையில் சுருட்டுப் பெட்டி பிடில் இருக்கிறது. 1880களில், பின்னாளில் அமெரிக்க சாரணர் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான டேனியல் பியர்ட், பெட்டியில் பாஞ்சோ செய்யும் முறையைச் சிறுவர்களுக்காகப் படம் போட்டு எழுதினார்.

ஆனால் இதை வாழ்க்கையாக்கிக்கொண்டவர்கள் வேறு. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளில் கூலிக்கு உழைத்த கறுப்பர்களும், அவர்களுக்குச் சற்றும் குறையாத ஏழை வெள்ளையர்களும். கண்பார்வையற்ற பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சனின் முதல் கிடார், அவருடைய அப்பா சுருட்டுப் பெட்டியில் செய்து கொடுத்தது. அப்போது அவருக்கு ஐந்து வயது. லைட்னின் ஹாப்கின்ஸ் சிறு வயதில் தானே ஒன்றைச் செய்துகொண்டார். பருத்திக் குத்தகைக் குடும்பத்தில் பிறந்த கார்ல் பெர்கின்ஸுக்கு அப்பா தந்தது சுருட்டுப் பெட்டியும் விளக்குமாற்றுக் கழியும் சேர்ந்த ஒன்று. ஜான்சனின் பாட்டு ஒன்று 1977ல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் ஏறி, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்கே போய்விட்டது. தொடங்கிய இடம் ஒரு காலிப் பெட்டி.

சுருட்டு விஷயத்தில் தமிழ்நாடும் சளைத்ததல்ல. ஆங்கிலத்தில் 'ஷெரூட்' என்ற சொல்லே நம்முடைய 'சுருட்டு'தான். 1887ல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சாம்பலை வைத்துச் சொல்லிவிடுகிறார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை கொடிகட்டிப் பறந்தது.

மரத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. அமெரிக்கச் சுருட்டுப் பெட்டிக்குப் பெயர்பெற்ற மரம் 'ஸ்பானிஷ் சிடார்'. பெயர்தான் சிடாரே தவிர, அது வேம்புக் குடும்பத்து மரம். அதன் நெருங்கிய சொந்தம் நம் சந்தன வேம்பு. வடக்கே 'தூன்' என்பார்கள். அங்கே சிதார் செய்ய விரும்பி எடுக்கும் மரம் அதுதான். எடை குறைவு, கடைசல் சுலபம், அதிர்வை நன்றாக வாங்கும். சுருட்டைக் காக்கும் பலகைக்கும் சங்கீதம் எழுப்பும் பலகைக்கும் ரத்த உறவு இருப்பது தற்செயல்தான். ஆனாலும் பலனுள்ள தற்செயல்.

மூன்று தந்தி, ஒரு கீல்

இதைச் செய்யப் பட்டறை தேவையில்லை. ஒரு ரம்பம், ஒரு துளைக்கருவி, ஒரு அரம் போதும்.

இரண்டு அங்குல அகலமும் ஒரு அங்குலத் தடிமனும் உள்ள நேரான மரச் சட்டம்தான் கழுத்து. அதைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் நுழைத்து மறுபக்கம் வெளியே விடுகிறார்கள். இதில்தான் சூட்சுமம். தந்திகளின் இழுவிசை முழுவதையும் சட்டமே தாங்கிக்கொள்கிறது. ஆறு தந்தி கிடாரில் அந்த விசை 70 கிலோவைத் தாண்டும். மூன்று தந்தி என்றால் ஏறத்தாழப் பாதி. அதையும் பெட்டியின் மேல் ஏற்றினால் ஆணியடித்த மூலைகள் வாய் பிளந்துவிடும். பாரமில்லாத மூடி சுதந்திரமாக அதிர்கிறது. அந்த அதிர்வுதான் ஒலி.

மற்றதெல்லாம் பழைய சாமான் கடைச் சரக்கு. தந்தியின் அடிமுனையைப் பிடிக்கக் கதவுக் கீல். மேல்முனையில் தந்தி உட்கார ஒரு போல்ட். குதிரைக்கு இன்னொரு போல்ட் அல்லது மரத் துண்டு. முறுக்காணிகளை உடைந்த கிடாரிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். ஒலியைப் பெருக்க வேண்டுமானால், இசைக்கும் வாழ்த்து அட்டையிலோ பழைய அலாரத்திலோ இருக்கும் நாணயம் போன்ற பீஸோ தகட்டை எடுத்து மூடியின் உட்புறம் ஒட்டி, இரண்டு ஒயரை ரேடியோவின் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்தால் ஆயிற்று.

கணக்கு மட்டும் தப்பக் கூடாது. மேல் போல்ட்டிலிருந்து குதிரைவரை 25 அங்குலம் என்றால், முதல் மெட்டு அந்த நீளத்தை 17.817ஆல் வகுத்து வரும் தூரத்தில், அதாவது 1.4 அங்குலத்தில். மிச்ச நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. இப்படியே போனால் ஏழாவது மெட்டு 8.31 அங்குலத்தில், பன்னிரண்டாவது சரியாக நடுவில், 12.5ல் வரும். பழைய தச்சர்கள் பதினெட்டால் வகுத்தே காலம் தள்ளினார்கள். காதுக்கு அந்தச் சிறு பிழை பெரிதாக உறுத்தவில்லை.

மெட்டு வைக்கவே சோம்பலா? அதற்கும் வழி உண்டு. கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தை வெட்டி விரலில் மாட்டிக்கொண்டு தந்திமேல் வழுக்கினால் போதும். கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்த வழுக்கல் அந்நியமாகத் தோன்றாது. பெரும்பாலோர் வைக்கும் சுருதியும் அப்படித்தான்: ச, ப, மேல் ச. மூன்று தந்தியையும் சேர்த்து மீட்டினால் தம்பூரா போல ஒரு நிறைவு.

குறை உண்டு. பெட்டி சிறியது. அதற்குள் அடைபட்ட காற்றும் குறைவு. ஆகவே கனத்த மந்திர ஒலி எழாது. மூக்கால் பாடுகிற மாதிரி நடுக்குரல்தான் தூக்கலாகக் கேட்கும். புளூஸ் பாடகர்களுக்கு அந்தக் கரகரப்பே பிடித்துப்போனது.

மலபார்க் கைகள்

பெட்டி கிடாருக்கு அமெரிக்காவில் 150 வருட வரலாறு என்றால், ஆப்பிரிக்காவின் தென்முனையில் அதற்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் 'ராம்கி'. ஆரம்பத்தில் சுரைக்குடுக்கையிலும் பிறகு எண்ணெய் டின்னிலும் ஒரு பலகையைச் செருகி, மூன்று நான்கு தந்தி கட்டி, கோய்கோய் மக்கள் வாசித்த வாத்தியம்.

1730களில் கேப் குடியேற்றத்தில் இருந்த மெண்ட்ஸெல் என்ற ஜெர்மானியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதை அங்கே கொண்டுவந்தவர்கள் மலபாரிலிருந்து வந்த அடிமைகள் என்பது அவர் கூற்று. ராம்கி என்ற பெயரையோ, சிறிய பிடிலைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததாக அறிஞர்கள் விளக்குகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கொச்சிக் கடற்கரை கண்முன் வருகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இங்கே இருந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1663ல் அவர்களைத் துரத்திவிட்டு டச்சுக் கம்பெனி உட்கார்ந்தது. 1795ல் பிரிட்டிஷார் வரும்வரை அதன் கொடிதான் பறந்தது. கேப்பும் அதே கம்பெனியின் சொத்து. கொச்சியில் ஏற்றிய சரக்கில் மிளகு மட்டும் இருக்கவில்லை. மனிதர்களும் இருந்தார்கள். கேப்பின் பழைய பதிவேடுகளில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் 'மலபார்' என்ற ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களின் சொந்தப் பெயர் பல இடங்களில் தொலைந்துபோய்விட்டது.

கப்பலில் அடைத்துக் கொண்டுபோகப்பட்டவனிடம் வாத்தியம் இருந்திருக்காது. எப்படிச் செய்வது என்ற நினைவு மட்டும் இருந்திருக்கும். போன இடத்தில் சுரைக்காய் கிடைத்தது, பலகை கிடைத்தது. இன்று தென்னாப்பிரிக்காவின் கடைகளில் வண்ண வண்ண எண்ணெய் டின் கிடார்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பனையாகின்றன. அவற்றின் பூர்வீகத்தில் மலபார்க் கைகளுக்குப் பங்குண்டு என்பது வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குடமும் தேயிலைப் பெட்டியும்

வெலிங்டன் தீவுக்குச் சுருட்டுப் பெட்டியைவிட நெருக்கமானது தேயிலைப் பெட்டி. 1947ல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியது. மூணாறு, வயநாடு, நீலகிரி மலைகளிலிருந்து இறங்கிய தேயிலை தீவின் கிடங்குகளில் அடுக்கப்பட்டது. ஒட்டுப்பலகைப் பெட்டி, ஓரங்களில் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள்: இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிரிட்டனுக்குப் போன தேயிலை இப்படித்தான் பயணம் செய்தது. அங்கே இறங்கிய காலிப் பெட்டிகள் வீடு மாற்றும்போது சாமான் அடைக்க உதவின. பிறகு பையன்கள் கையில் சிக்கின.

லானி டோனிகனின் பாட்டு ஒன்று 1956ல் பிரிட்டனில் சக்கைப்போடு போட, 'ஸ்கிஃபிள்' என்ற இசைக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியது. மலிவு கிடார், துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டி. கவிழ்த்த பெட்டியின் நடுவில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை விளக்குமாற்றுக் கழியில் முடிந்து, கழியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் கயிற்றைச் சுண்டினால் 'பேஸ்' தயார். லிவர்பூலில் ஜான் லெனன் என்ற பள்ளி மாணவன் தொடங்கிய குவாரிமென் குழுவிலும் ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. 1957 ஜூலை 6 அன்று ஒரு தேவாலயத் திருவிழாவில் அந்தக் குழு வாசித்ததைக் கேட்க வந்த இன்னொரு பையன் பால் மெக்கார்ட்னி. அடுத்து நடந்தது உலகறிந்த கதை. அதே மெக்கார்ட்னி, 2012 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கில் நடந்த புயல் நிவாரணக் கச்சேரியில் மேடையேறியபோது தோளில் தொங்கியது ஒரு சுருட்டுப் பெட்டி கிடார்.

இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும் என்ற இந்த உத்தி லிவர்பூலுக்குப் புதிது. கேரளத்துக்குப் புதிதல்ல. புள்ளுவர்களின் குடம் இதே விதியில் பேசுகிறது. மண்குடத்தின் அடியில் துளை போட்டுத் தோல் போர்த்தி, அதிலிருந்து கிளம்பும் நரம்பை ஒரு கட்டையில் கட்டி, கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு சுண்டுகிறார்கள். சர்ப்பக் காவுகளில் அந்தக் குடத்தின் உறுமலுக்குத்தான் நாகங்கள் களம் வரையப்பட்ட தரையில் ஆடி இறங்குவதாக ஐதீகம். கேரளத்தின் சமூக ஏணியில் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கூட்டம், குயவனின் குடத்தை எடுத்து வழிபாட்டு வாத்தியம் ஆக்கியிருக்கிறது.

டைப்ரைட்டர் போட்ட தாளம்

பெட்டியில் தந்தி கட்டிய வாத்தியங்களில் இந்தியாவில் அதிக வீடுகளுக்குள் நுழைந்தது புல்புல்தாரா. இதன் பிறப்பிடம் ஜப்பான். நகோயா நகரின் மொரிதா கோரோ 1912ல் உருவாக்கிய 'தைஷோகோத்தோ'வில், டைப்ரைட்டரில் இருப்பது போன்ற பித்தான்கள். பித்தானை அழுத்தினால் அது தந்தியைச் சரியான மெட்டில் அழுத்தும். வலது கையால் மீட்ட வேண்டியதுதான். சுரம் தேடி விரல் அலைய வேண்டாம்.

ஒரு கச்சிதமான மரப் பெட்டி. கப்பலில் ஏற்றிவிட எளிது. பார்க்கப்போனால் இது துறைமுகங்கள் வளர்த்த குழந்தை. கராச்சியில் இறங்கியதைப் பலூச்சிகள் பெரிதாக்கி, 'பென்ஜோ' என்று பெயரிட்டுத் தங்கள் தேசிய வாத்தியம் போலவே ஆக்கிக்கொண்டார்கள். கென்யாவின் மொம்பாசாவில் தாரப் இசைக்குள் புகுந்தது. மும்பையில் ஒலிபெருக்கியோடு கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் போயிற்று. கேரளத்தில் மாப்பிளப் பாட்டுக்குத் துணை நின்றது. தமிழ்நாட்டில் எத்தனையோ நடுத்தர வீடுகளின் பரண்மேல் இன்றும் ஒன்று தூசி படிந்து கிடக்கும்.

வித்வான்கள் இதை மதிக்கவில்லை. கமகம் பேசாத வாத்தியத்துக்குச் சபாவில் இடமேது? ஆனால் கொச்சியின் இசைக்குச் சபா ஒருபோதும் அளவுகோல் ஆனதில்லை. குஜராத்தி, கொங்கணி, கச்சி, உருது, தமிழ் என்று பல மொழிகள் முட்டி மோதும் மட்டாஞ்சேரிச் சந்துகளில், மாடியறையில் கூடி ஆர்மோனியத்தையும் தபேலாவையும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் பாடும் மெஹ்ஃபில்தான் பள்ளிக்கூடம். அதன் நட்சத்திரம் எச். மெஹ்பூப் (1926-1981). பட்டாளக் குடியிருப்பில் எடுபிடியாக வளர்ந்த அனாதைச் சிறுவன், யாரிடமும் முறையாகக் கற்காமல் கல்யாண வீடுகளில் பாடி, 1954ல் வந்த 'நீலக்குயில்' படம்வரை போனார். அவருக்குத் தபேலா வாசித்தபடி தொடங்கியவர்தான் பின்னாளில் மலையாள கஜல் பாடகராகப் புகழ்பெற்ற உம்பாயி. 2018ல் அவரும் மறைந்தார்.

பெட்டி போன பிறகு

இன்று கிடைக்காமல் போய்க்கொண்டிருப்பது பெட்டிதான். 1980, 90களில் தேயிலை, மரப் பெட்டியிலிருந்து காகித மூட்டைக்கு மாறிவிட்டது. சுருட்டுக்கு அட்டைப் பெட்டி வந்துவிட்டது. 2011 பிப்ரவரியில் வல்லார்பாடத்தில் புதிய கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டபின் வெலிங்டன் தீவில் அந்த இரும்புப் பெட்டிகளின் ஆரவாரமும் அடங்கிவிட்டது. பழைய தேயிலைப் பெட்டி இப்போது புராதனப் பொருளாக விலைபோகிறது. ஏழைக்கு இலவசமாகக் கிடைத்தது பணக்கார வரவேற்பறையின் அலங்காரமாகிவிட்டது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உயர்ரக கிடார்களுக்கு உலகமே விரும்பும் மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, 1969ல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி இந்திய ஈட்டிக்கு மாறியது. வெட்டு அதிகமாகி, 2017ல் இந்த மர இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019ல் விலக்குத் தந்தார்கள். சிறந்த மரம் இங்கிருந்து போகிறது. அதில் செய்த கிடாரை வாங்க இங்குள்ள மீனவர் மகனுக்கோ சுமைதூக்கும் தொழிலாளியின் மகளுக்கோ வழியில்லை.

ஆகவே பெட்டி கிடார் வேடிக்கையான பழங்கதையல்ல. பராகுவே நாட்டின் கட்டேயுரா என்ற குப்பைமேட்டுச் சேரியில், வீட்டைவிட வயலின் விலை அதிகம் என்பதால் ஃபாவியோ சாவேஸ் என்ற ஆசிரியர் குப்பையிலிருந்தே வாத்தியங்கள் செய்ய வைத்தார். எண்ணெய் டின் வயலின், தண்ணீர்க் குழாய் சாக்ஸஃபோன். 2006ல் தொடங்கிய அந்த முயற்சி வளர்ந்து, அந்தக் குழந்தைகளின் இசைக்குழு உலகம் சுற்றி வந்துவிட்டது.

நம் பள்ளிகளில் கைத்தொழில் வகுப்பு என்ற ஒன்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. பாட்டு வகுப்பும் சில இடங்களில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைக்க ஒரு பெட்டியும் ஒரு சட்டமும் மூன்று தந்தியும் போதும். பின்னத்தைக் கரும்பலகையில் கற்க மறுக்கும் பிள்ளை, ஏழாவது மெட்டு தப்பினால் பஞ்சமம் பேசாது என்பதைக் காதால் கற்றுக்கொள்ளும். மரம் எது, அதிர்வு எது, இழுவிசை எது என்பதைக் கையால் தெரிந்துகொள்ளும். திருவிழாக் கடைகளில் மண் சட்டியில் காகிதம் ஒட்டிய பிடிலை வாசித்தபடியே விற்பவர், எந்தப் பாடத்திட்டமும் இல்லாமல் இதைத் தலைமுறைகளாகச் சொல்லித் தந்துகொண்டுதான் இருக்கிறார். அந்தச் சட்டி பிடிலை வாங்கி வந்த குழந்தைக்கு வீட்டில் ஒரு ராகமும் வராது. விற்றவர் கையில் மட்டும் சினிமாப் பாட்டே வரும். வாத்தியம் மலிவுதான். வாசிப்புக்குத்தான் விலையில்லை.